சைரன் ஊதினால் தண்ணீர்

எங்கள் வளைகுடா திரும்பியோர் சங்கம் இந்த ஆண்டு மலர் போடுகிறது. சங்கச் செயலாளர் பிரதீப், சாலை பஜாரில் பாத்திரக் கடை வைத்திருப்பவர், தமிழையும் மலையாளத்தையும் ஒரே சட்டியில் வதக்கிப் பேசுகிறவர், போன வாரம் வலியசாலையில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சாரே, அரபு நாட்டுல எண்ணெய் கண்டுபிடிச்ச கதைய நீங்க எழுதித் தரணும் கேட்டோ. நம்ம கூட்டத்துல எண்ணெய்க் கிணறு தோண்டுற ரிக்குல நின்ன ஆளு நீங்க ஒருத்தர்தான். பாக்கி எல்லாவரும் ஆபீஸ், கடை, டிரைவர் பணியாக்கும்."

"நான் எண்ணெயைக் கண்டுபிடிக்கலையே பிரதீப். கண்டுபிடிச்சதெல்லாம் நாத்தத்தைத்தான்."

"அது மதி சாரே, அதே போதும்."

உள்ளேயிருந்து என் மனைவி, "மலர்னு பேரை வெச்சுட்டு நாத்தத்தைப் பத்தியா எழுதப் போறேள்?" என்றாள். பிரதீப் காபியைக் குடித்துவிட்டு, எழுதி முடிக்கும் வரை விடமாட்டேன் என்ற முகத்தோடு போனார்.

எந்த நாட்டில், எந்த ஆண்டில், எந்த வெள்ளைக்காரக் கம்பெனி முதல் கிணறு தோண்டியது என்பதெல்லாம் செல்போனில் தட்டினால் வந்து விழும். அதைப் பார்த்து எழுதித் தருவதற்கு நான் தேவையில்லை. நான் பார்த்த ஒரு கிணற்றைப் பற்றி எழுதுகிறேன். நாட்டின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் சொல்லமாட்டேன். வாய் திறக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் நான்.

என் வேலைக்குப் பெயர் வாயுப் பாதுகாப்பு டெக்னீஷியன். பூமியைத் துளைக்கும்போது எண்ணெய்க்கு முன்னால் சில இடங்களில் ஒரு விஷவாயு வரும். அது காற்றைவிடக் கனமானது, பள்ளம் பார்த்துத் தேங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நிறைய வந்தால் முதலில் மூக்கைத்தான் கொல்லும், நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டதே என்று சந்தோஷப்படுகிறவன் அடுத்த மூச்சில் விழுந்துவிடுவான்.

பம்பாயில் பயிற்சி கொடுத்தவர் முதல் நாளே, "அழுகிய முட்டை வாசனை எல்லாருக்கும் தெரியும் அல்லவா?" என்று கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் எழுந்து, எனக்குத் தெரியாது என்றேன். அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு நல்ல முட்டையின் வாசனையே தெரியாது, அழுகியதற்கு எங்கே போவேன்? வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சில நாள் வெயிலில் வைத்த ஒரு முட்டையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் உடைத்தார். நான் வாசலுக்கு ஓடினேன். அன்றுதான் என் மூக்குக்கு உபநயனம் ஆயிற்று. வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் படிப்பு நன்றாகப் போகிறது என்று மட்டும் எழுதினேன்.

பிறகு கடலில் கொஞ்சம், பாலைவனத்தில் கொஞ்சம் என்று பல ரிக்குகள். நான் சொல்லப் போவது உள்பாலைவனத்தில் இருந்த ஒன்று. சுற்றிலும் எண்ணெய் கண்டறியாத புது இடம்.

அங்கே எங்களுக்கு மேலே இருந்தவர் கிரெய்க். ஸ்காட்லாந்துக்காரர். கிணற்றுக்குச் சொந்தக்காரக் கம்பெனியின் பிரதிநிதி, கம்பெனி மேன் என்போம். அவர் சொல்லுக்கு மேல் அங்கே சொல் கிடையாது. ஆனால் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. காலையில் யாரைப் பார்த்தாலும் குட்மார்னிங் சொல்லமாட்டார், "காற்று எங்கே?" என்று கேட்பார். உடனே திரும்பி, கம்பத்தில் தொங்கும் காற்றுப்பையைப் பார்த்துத் திசை சொல்ல வேண்டும். சமையல்காரரிடமும் அதே கேள்வி. தெரியாது என்றால் திட்டமாட்டார். தோளில் கை போட்டு, கம்பம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய், அண்ணாந்து பார்க்க வைத்து, திரும்பக் கூட்டி வருவார். அந்த வெயிலில் ஒரு தடவை நடந்தவன் ஜன்மத்துக்கும் மறக்கமாட்டான்.

அவர் கற்பித்த ஒழுங்கு இதுதான். சைரன் ஊதினால் கேள்வி கேட்காதே, காற்றைப் பார், காற்று வருகிற பக்கமாக மேட்டுக்குப் போ. அங்கே தலை எண்ணுவோம். மாஸ்க் போட்டு வேலையில் நிற்க வேண்டியவர்கள் மட்டும் ரிக்கில் நிற்பார்கள். விழுந்தவனைத் தூக்க ஒருவனாகப் போகாதே, மாஸ்க் இல்லாமல் போகாதே. போனால் தூக்க வேண்டியவர்கள் இரண்டாகிவிடுவார்கள். வாயு அடங்கியது என்று நான் அளந்து சொல்லும்வரை சைரன் நிற்காது. வெள்ளிக்கிழமைதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சைரனைச் சோதித்துப் பார்ப்போம்.

ரிக்குக்குத் தெற்கே, நாங்கள் வருவதற்கு முன்பே, ஒரு பதூ குடும்பம் இருந்தது. பாலைவனத்தில் ஒட்டகம் மேய்த்துத் திரியும் அரபிகளை அப்படித்தான் சொல்வார்கள். பெரியவர் பெயர் சைஃப். அவர் மனைவியை எல்லோரும் உம்மு சாலிம் என்றார்கள். சாலிமின் அம்மா என்று அர்த்தம். மகன் சாலிம் பட்டாளத்தில் இருந்தான். காற்று அடிக்காத பள்ளம் பார்த்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். விஷவாயு வந்தாலும் கூடாரம் வரை எட்டாது என்று கணக்குப் போட்டுப் பார்த்திருந்தோம். எட்டாது, உண்மைதான்.

எனக்கு அரபி ஓரளவு பேச வரும் என்பதால் சைஃபிடம் அடிக்கடி காபிக்குப் போவேன். ஒரு நாள் கேலியாகக் கேட்டேன்.

"இங்கே எண்ணெய் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது யார், வெள்ளைக்காரர்களா?"

"என் தாத்தாவின் ஒட்டகத்துக்குச் சொறி வந்தபோது அவர் கண்டுபிடித்தார்" என்றார் சைஃப். வடக்கே ஒரு பாறையில் கறுப்பாகக் கசியுமாம். அதை வழித்து ஒட்டகத்துக்குப் பூசுவார்களாம். அவர் அப்பா காலத்தில் ஜீப்பில் வந்த வெள்ளைக்காரர்கள் வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தபோது, அப்பாதான் கூட்டிப்போய் அந்தப் பாறையைக் காட்டினாராம். அவர்கள் சுத்தியலால் தட்டிப் பார்த்து, வரைபடத்தில் குறித்துக்கொண்டு, ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். அந்த டின்னில்தான் சைஃப் ஏலக்காய் போட்டு வைத்திருந்தார்.

"பிஸ்கட் எப்படி இருந்தது?"

"அப்பா ஒட்டகத்துக்குப் போட்டார். ஒட்டகம் விரும்பிச் சாப்பிட்டது."

அவர் சிரிக்க, பக்கத்தில் இருந்த உம்மு சாலிமும் முகத்திரைக்குள் சிரித்தாள்.

ரிக்குக்கு நாங்கள் வெட்டிய தண்ணீர்க் கிணற்றில் உப்புத் தண்ணீர் வந்தது. மனிதர் குடிக்க முடியாது, ஒட்டகத்துக்குப் போதும். அதோடு கடற்கரையிலிருந்து வரும் நல்ல தண்ணீரிலும் கொஞ்சம் கொடுக்கச் சொன்னார் கிரெய்க். எப்போது வர வேண்டும் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? போனா இருந்தது? லாரி ஹாரன் காற்றில் அவ்வளவு தூரம் போகவில்லை. வெள்ளிக்கிழமைதான் சைரன் ஊதுகிறோமே, அது ஊதினால் ரிக் பக்கத்துத் தொட்டிக்கு வரட்டும் என்றார் கிரெய்க். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நாங்கள் எல்லோரும் மெச்சினோம். சைரன் ஊதி முடிப்பதற்குள் சைஃபின் பிக்கப் வந்துவிடும், பின்னால் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு உம்மு சாலிம் வருவாள். கோடை உச்சத்தில் தண்ணீர் போதவில்லை என்று வாரத்தின் நடுவிலும் இரண்டொரு முறை ஊதிக் கூப்பிட்டார் கிரெய்க். அந்தத் தர்மத்தில் ஒளிந்திருந்த ஆபத்து எங்களில் ஒருவர் கண்ணுக்கும் படவில்லை.

தண்ணீர் கொடுக்கும் பொறுப்பு ஸ்டீபனிடம். பாறசாலைப் பக்கத்துக்காரர், கேம்ப்பில் தண்ணீர் வண்டி ஓட்டுகிறவர். நாங்கள் இரண்டு பேர்தான் அங்கே தமிழ். அவர் என்னைச் சாமி என்பார். பக்தியால் அல்ல, கேலிக்கு.

அது ஒரு செவ்வாய்க்கிழமை, காலைப் பலகாரம் முடிந்த நேரம். காற்று வடக்கிலிருந்து, ஆனால் சோர்ந்து போய் வீசிக்கொண்டிருந்தது. துளைக்கும் இடத்திலிருந்து மேலே திரும்பி வரும் சேற்றோடு வாயு வந்தது. அங்கே நான் வைத்திருந்த கருவி அலறியது. சைரன் ஊதியது. துளைப்பவர்கள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கிணற்றின் வாயை மூடினார்கள். மற்றவர்கள் வடக்கு மேட்டுக்கு ஓடினார்கள். அங்கே கிரெய்க் தலை எண்ணினார். எல்லாம் பாடத்தில் உள்ளபடி நடந்தது.

"எல்லோரும் இருக்கிறார்கள்" என்றார் கிரெய்க்.

கிணறு மூடியாகிவிட்டது. ஆனால் ஏற்கெனவே வெளியே வந்த வாயு, காற்றுக்குத் தெம்பில்லாமல், தெற்கே தாழ்ந்த மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் அளப்பதற்காக அந்தப் பக்கம் திரும்பினேன். தெற்கே புழுதி தெரிந்தது. சைஃபின் பிக்கப். அதற்குப் பின்னால் ஒட்டகங்கள்.

"சார், அவர்கள் தண்ணீருக்கு வருகிறார்கள்!"

கிரெய்க் பைனாகுலரை எடுத்துப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. வாயு அடங்கும்வரை சைரனை நிறுத்தக் கூடாது என்பது அவரே போட்ட விதி. எங்களைக் காப்பாற்றுகிற சைரன் அவர்களைச் சாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்கள்" என்றார். சைரன் நின்றது. பிக்கப் நிற்கவில்லை. சைரன் நின்றால் தொட்டி திறந்தாயிற்று என்றுதானே அவர்களுக்குப் பழக்கம்? இன்னும் வேகமாக வந்தது.

"நான் மாஸ்க் போட்டுக்கொண்டு ஓடிப்போய்க் கையைக் காட்டித் தடுக்கிறேன்" என்றேன்.

ஸ்டீபன் என் தோளைப் பிடித்தார். "சாமி, கையக் காட்டுனா சீக்கிரம் வான்னுல்லா நினைப்பாவ. தண்ணி வண்டியக் கிழக்குத் திட்டுக்குக் கொண்டு போவோம். தண்ணி எங்க போவுதோ அங்கன அவிய வருவாவ."

கிரெய்க்குக்கு நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கவில்லை, அவர் தலையாட்டிவிட்டார். "சுற்றிப் போங்கள். காற்றுக்குக் குறுக்காகவே போங்கள். இரண்டு பேரும் பிரியக் கூடாது. ஒரு மாஸ்க் செட் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்."

முதுகில் காற்றுச் சிலிண்டரும் முகத்தில் மாஸ்க்குமாக ஏறினோம். ஸ்டீபன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. கிழக்குத் திட்டின் மேல் எங்கள் வண்டியைக் கண்டதும் பிக்கப் தயங்கியது, பிறகு திரும்பியது. ஒட்டகங்களும் தண்ணீர் வண்டியை அடையாளம் கண்டு எங்கள் பக்கம் திரும்பின. எனக்குப் போன உயிர் வந்தது. அப்போது சைஃப் பிக்கப்பிலிருந்து இறங்கி, தெற்கே கையை நீட்டிக் கத்தினார்.

உம்மு சாலிம் ஒட்டகங்களோடு வரவில்லை. வழி பழகின மற்றவற்றை முன்னால் விட்டுவிட்டு, நொண்டும் பெண் ஒட்டகம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அதற்கு நடை குறையட்டும் என்று ஓடைப்பள்ளம் வழியாகக் குறுக்கே வந்திருக்கிறாள். பள்ளத்தில் அந்த ஒட்டகம் மட்டும் தலையைத் தொங்கவிட்டு நின்றது. அதன் காலடியில் கறுப்பாக ஏதோ கிடந்தது.

சைஃப் ஓடப் பார்த்தார். வாழ்க்கையில் ஒரு பெரியவரை நான் நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது அன்றுதான். மணலில் உட்கார்ந்துவிட்டார். நானும் ஸ்டீபனும் இறங்கினோம். மாஸ்க்குக்குள் என் மூச்சுச் சத்தம் எனக்கே பயமாக இருந்தது. அவள் முகத்திரையை விலக்கினேன். அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை, பார்க்கவும் கூடாது. கூடுதலாகக் கொண்டுபோன மாஸ்க்கை அழுத்தி வைத்தேன். தூக்கினோம், பஞ்சு மாதிரி இருந்தாள். மேடேறும்போது பின்னால் ஒட்டகம் சரிந்து விழுந்தது.

திட்டின் மேல் படுக்க வைத்துக் காற்றை விட்டுக்கொண்டே இருந்தோம். ஸ்டீபன், "ஏசுவே, ஏசுவே" என்று முணுமுணுத்தார். நான் பத்மநாபனைக் கூப்பிட்டேன். சைஃப் அல்லாவைக் கூப்பிட்டார். யார் காதில் விழுந்ததோ, அவள் இருமினாள். கண்ணைத் திறந்து சைஃபிடம் கேட்ட முதல் கேள்வி, ஒட்டகம் எங்கே என்பதுதான்.

கம்பெனி விமானத்தில் அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிழைத்துத் திரும்பி வந்தாள்.

தலைமை அலுவலகத்திலிருந்து சேதி வந்தது. ஊழியர் எவருக்கும் காயமில்லை என்பதில் மகிழ்ச்சி, இனி வெளியாட்களுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது, ரிக்கைச் சுற்றி வேலி போட வேண்டும். கிரெய்க் அதை என்னிடம் படித்துக் காட்டினார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அவள் ஊழியர் இல்லை, சரி. அவளுக்குக் காயம் என்றுகூட எழுதக் கூடாதா?" என்றேன்.

"நான் எழுதினேன்" என்றார். வேலி போட்டார். கூடவே, தண்ணீர்க் கிணற்றிலிருந்து வேலிக்கு வெளியே கிழக்குத் திட்டு வரை குழாய் போட்டு, அங்கே தொட்டி கட்டினார். குழாய் எதற்கு என்று கேட்ட எஞ்சினியரிடம், "தண்ணீர் போவதற்கு" என்றார்.

பிறகு என்னையும் ஸ்டீபனையும் கூட்டிக்கொண்டு சைஃபின் கூடாரத்துக்குப் போனார். கொடுத்த காபியைக் குடித்தார். நான் மொழிபெயர்க்க, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி நிதானமாகச் சொன்னார். இனிமேல் தண்ணீர் கிழக்குத் திட்டில். ஸ்டீபன் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தால் தண்ணீர். சைரன் ஊதினால் தண்ணீர் இல்லை, ஆபத்து. அப்போது ரிக் பக்கம் வராதீர்கள், பள்ளத்தில் நிற்காதீர்கள், மேட்டுக்குப் போங்கள்.

சைஃப் தலையாட்டிக்கொண்டே கேட்டார். உம்மு சாலிம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குரல் இன்னும் கம்மியிருந்தது.

"நான் இந்த ஓடையில் பிறந்தவள். இங்கே எப்போது நடக்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று இனி நீங்கள் ஊதித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?"

கிரெய்க் என்னைப் பார்த்தார். கொஞ்சம் மழுப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அப்படியே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆமாம் என்று சொல்லுங்கள். வருத்தமாக இருக்கிறது என்றும் சொல்லுங்கள்."

சொன்னேன். அவள் எனக்கு இன்னொரு தடவை காபி ஊற்றச் சொன்னாள். கோபம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சைரன் சோதனை. கிரெய்க் பைனாகுலரோடு நின்றார். தெற்கே புழுதி கிளம்பவில்லை. பாடம் புரிந்துவிட்டது என்று எங்களுக்கு ஒரே சந்தோஷம். சைரன் ஓய்ந்ததும் ஸ்டீபன் கிழக்குத் திட்டுக்குப் போய்த் தொட்டியை நிரப்பி ஹாரன் அடித்தார். யாரும் வரவில்லை. கூடாரத்துக்குக் கிட்டேயே போய் அடித்துப் பார்க்கலாம் என்று மூவரும் வண்டியில் போனோம்.

பள்ளம் காலியாக இருந்தது. முளை அடித்த குழிகள் இருந்தன, அடுப்புச் சாம்பல் இருந்தது. தண்ணீருக்காக நாங்கள் கொடுத்த நீல டிரம்களைக் கழுவிக் கவிழ்த்து, காற்றில் உருளாமலிருக்க ஒவ்வொன்றின் பக்கத்திலும் கல் அண்டை கொடுத்து வைத்திருந்தார்கள்.

"போய்ட்டாவ சாமி" என்றார் ஸ்டீபன். "கடன் வைக்கப்படாதுன்னு டிரம்மக்கூட வச்சிட்டுல்லா போயிருக்காவ."

எனக்கு அழுகை வந்தது. வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன்.

சில வாரம் கழித்து அந்தக் கிணற்றில் எண்ணெய் வந்தது. நல்ல எண்ணெய், நிறைய எண்ணெய். சோதனைக்காக எரித்தபோது பகலிலேயே கண் கூசியது. ஹெலிகாப்டரில் மந்திரி வந்தார், தலைமை அலுவலகத்து வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், கேக் வெட்டினார்கள். நானும் கை தட்டினேன். அதற்குத்தானே அத்தனை பேரும் அங்கே வெந்துகொண்டிருந்தோம்.

போட்டோ எடுக்கும் நேரத்தில், தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர்களில் ஒருவர் கிரெய்க்கைத் தேடி வந்தார். கம்பெனிப் பத்திரிகையின் அட்டைக்காக, எரிகிற கிணற்றுக்கு முன்னால் இந்த ஊர்க்காரர் ஒருவர் நின்றால் நன்றாக இருக்கும் என்றார். ஒட்டகத்தோடு நின்றால் இன்னும் நல்லதாம். "இங்கே பக்கத்தில் ஒரு குடும்பம் இருந்ததாமே, கூப்பிட முடியுமா?"

கிரெய்க் குரலை உயர்த்தவில்லை.

"அவர்கள் சைரன் கேட்டுப் போய்விட்டார்கள்" என்றார்.